ஒரு துண்டு இறப்பர் சொல்லித்தந்த கணக்கு

கடையைப் பூட்டும் நேரத்தில் கணக்கில் ஐம்பது ரூபா குறைந்தால் இரவு பத்து மணி தாண்டியும் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பவர்கள் நாம். ஆனால் எம்மைச் சுமந்து திரியும் வாகனத்தின் முன்பக்கத்தில் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே ஓடுகிறோம். “ஓடுதுதானே, பிறகு பார்ப்போம்” என்பதுதான் எமது பதில்.

இந்தப் ‘பிறகு பார்ப்போம்’ எமக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதை இந்த வாரம் பேச நினைக்கிறேன். அத்தோடு, அந்த வேலையை வீட்டிலேயே செய்யப்போய் நான் பட்ட பாட்டையும், அதற்கு முன்னர் ஒரு நல்ல மனிதரின் மனதை நோகடித்த கதையையும் சொல்லியாக வேண்டும்.

வியாபாரப் பக்கத்தில் கார் திருத்தும் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எமது வாகனங்களுக்கும் ஐந்து வயது கூடியது. அதற்குள் 2022 வந்தது. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் ஒவ்வோர் உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. திறந்த பின்னரும் புதிய வாகனம் எடுக்கும் வசதி எம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கையில் இருப்பதைப் பேணி ஓடுவதுதான் சிறு வியாபாரியின் வழி. பேணுவது என்று வந்தால், எதைப் பேணுகிறோம் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

புஷ் என்பது என்ன?

முன் சில்லைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒன்று ஒவ்வொரு பக்கமும் உண்டு. ‘லோவர் ஆர்ம்’ என்பார்கள். பெரும்பாலான சிறிய கார்களில் அதன் வெளி முனை போல் ஜொயின்ட் மூலம் சில்லோடும், உள் முனைகள் இரண்டும் வாகனத்தின் அடிச்சட்டத்தோடும் பொருந்தியிருக்கும். அந்த உள் முனைகளில் இருப்பவைதான் புஷ். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டி வார்க்கப்பட்ட இறப்பர். இவ்வளவுதான் சாமான்.

இதில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். உள்ளே இருக்கும் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அது சுழலாது. சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நடுவிலுள்ள இறப்பர்தான் முறுகிக் கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை அது இப்படி முறுகுகிறது.

இறப்பர் எமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்த கன்றுகளோடு தொடங்கியது இந்நாட்டின் இறப்பர். எமது கேகாலை மாவட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் உறுதிப்படும் என்பதைக் கண்டு, 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் சார்ள்ஸ் குட்இயர். அப்படி உறுதிப்படுத்திய இறப்பருக்கும் ஆயுள் உண்டு. வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய் எல்லாம் அதைத் தின்னும். ஆகவே ‘மைலேஜ் குறைவு’ என்பதற்காக மட்டும் ஒரு வாகனத்தின் புஷ் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நிறுத்தி வைத்த வாகனத்திலும் இறப்பருக்கு வயதாகிறது. சேர்விஸ் முடிந்ததும் அடிப்பாகத்துக்குப் பழைய ஒயில் விசிறச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம், புஷ்ஷுக்கு அது நஞ்சு.

புஷ் கெட்டதை எப்படி அறிவது? பள்ளத்தில் விழும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பிரேக் பிடித்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். நேரான பாதையிலும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக டயரின் ஓரம் தேயும். பெரும்பாலும் உள் ஓரம் என்பதால் வெளியில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அது படாது. கம்பி தெரியும்போதுதான் தெரியவரும்.

டயர் தேய்ந்தால் நாம் செய்வது என்ன? அலைன்மென்ட் எடுக்கிறோம். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் எடுப்பது, ஓட்டை மூடையில் அரிசி நிறுத்துக் கொடுப்பதற்குச் சமம். நிறுத்த நேரத்தில் நிறை சரியாகத்தான் இருக்கும். வீடு போய்ச் சேரும்போது இருக்காது. கடைசியில் புஷ் மாற்றும் செலவுக்குப் பயந்து டயர் வாங்குகிறோம். இன்றைய டயர் விலை எம்மில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் போனால் உழைத்துக்கொள்ளலாம். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வாகனம் பக்கத்து வரிசைக்கு இழுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் பட்ட பாடு

என்னிடம் இருப்பது இருபது வருடம் தாண்டிய ஒரு ஜப்பான் கார். மாவனல்லையிலிருந்து புறக்கோட்டைக்கு வாரம் ஒருமுறையாவது போய்வருவேன். சில வருடங்களுக்கு முன்னர் மேற்சொன்ன சத்தம் தொடங்கியது. வழமையாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள பாஸ் அறுபது வயது தாண்டியவர். எனது வாகனத்தை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் புஷ் மாற்ற வேண்டும் என்றார். சாமான் விலையையும் சொன்னார்.

நான் வியாபாரி அல்லவா? “சாமானை நானே வாங்கி வருகிறேன், நீங்கள் வேலையை மட்டும் செய்யுங்கள்” என்றேன். மறுமுறை கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கி, பாஸ் சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினேன். பெட்டியில் நல்ல பெயர்தான் அச்சடித்திருந்தது. பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில் பெட்டிக்குள் இருந்ததைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. பாஸ் அதைக் கையில் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். “முதலாளி, இதையா போடச் சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஐந்து மாதத்தில் சத்தம் திரும்பி வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கராஜுக்குப் போய், வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்கும்போதே, “புதிய புஷ்ஷை எடுத்துக்கொண்டு பழையதையே திரும்பப் போட்டுவிட்டீர்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதரின் முகம் மாறியது. “முதலாளி, என்ட வேலைக்கு நான் பொறுப்பு. சாமான் நீங்க கொண்டுவந்தது” என்று சொல்லிவிட்டுத் தனது வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். இளைய மகன், “வாப்பா, நாங்களே செய்வோமே. இது என்ன பெரிய வேலையா?” என்றான். எனது கடையோ ஹார்ட்வெயார் கடை. ஸ்பெனரும் சொக்கட்டும் கடையில் தொங்குகின்றன. பிறகென்ன? இம்முறை நம்பிக்கையான கடையில் நல்ல சாமானை முழு விலைக்கு வாங்கினேன். போயா தினத்தில் கடை மூடியிருக்கும், அன்றைக்குச் செய்வோம் என்று தீர்மானித்தோம்.

பாதி நாள் மல்லுக்கட்டி ஆர்ம் இரண்டையும் கழற்றி எடுத்தோம். அப்போதுதான் நினைவு வந்தது, போயாவுக்கு எனது கடை மட்டுமல்ல, புஷ்ஷை பிரஸ் செய்து தரும் லேத் கடையும் மூடியிருக்கும் என்பது. சில்லில்லாத வாகனம் இரவு முழுவதும் முற்றத்தில் நின்றது. மறுநாள் லேத் கடையில் பிரஸ் செய்து கொண்டுவந்து, பூட்டி, பலம் கொண்ட மட்டும் இறுக்கி, ஜேக்கை இறக்கினோம். சத்தம் இல்லை. வாகனம் புதிது போல ஓடியது. கராஜ் கூலி மிச்சம் என்று வீட்டாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நாலு மாதம்தான். மீண்டும் அதே ‘டொக்’.

இம்முறை குற்றம் சாட்ட ஆள் இல்லை. சாமான் நல்லது, வேலை செய்தது நான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெட்கத்தை விட்டு அதே பாஸிடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் வாகனத்தின் அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “முதலாளி, இறுக்கும்போது சில்லு நிலத்திலயா இருந்திச்சு, தொங்கிக்கொண்டா?”

“தொங்கிக்கொண்டுதான்” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரு முனையை என் கையில் தந்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை முறுக்கினார். “தொங்கிக்கொண்டிருக்கிற நேரம் இறுக்கினா, வாகனத்தை நிலத்தில இறக்கின உடனேயே இறப்பர் இப்பிடி முறுகிப் போகும். நின்டாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. பிறகு பள்ளத்தில விழுந்தா இன்னும் முறுகும். கிழியாம என்ன செய்யும்?” என்றார். துணியை விட்டுவிட்டுச் சிரித்தார்.

முதல் தடவை கெட்டது நான் வாங்கிய சாமான். இரண்டாம் தடவை கெட்டது நான் செய்த வேலை. இரண்டிலும் அவர் குற்றம் எள்ளளவும் இல்லை. நாலு பேர் முன்னால் அவரைப் பேசிய நான், நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல முதலாளி, தெரியாதுதானே” என்றார். அந்தத் ‘தெரியாதுதானே’ எனக்கு இன்னும் வலிக்கிறது. தெரியாத ஒரு விடயத்தில் ஒருவரைக் கள்ளன் என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?

வேலை நடக்கும் முறை

மூன்றாம் தடவையும் வீட்டில்தான் செய்தேன், பாஸ் சொல்லித்தந்த முறைப்படி. இரண்டு வருடம் கடந்துவிட்டது, சத்தம் இல்லை. கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன். வாகனத்துக்கு வாகனம் வேறுபாடு உண்டு என்பதையும், அந்தந்த வாகனத்தின் திருத்தல் கைநூலே முடிவான வழிகாட்டி என்பதையும் மறக்க வேண்டாம்.

வாகனம் நிலத்தில் நிற்கும்போதே, சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய குறிப்புத்தான் எனது நாலு மாத நட்டத்துக்கு மருந்து.

சமதரையான கொங்கிரீட் நிலத்தில் வாகனத்தை நிறுத்தி, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேன்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். சில்லு நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திய பின்னர்தான் ஜேக் அடிக்க வேண்டும். தூக்கியதும், உரிய இடத்தில் ஜேக் ஸ்டாண்டுகளை வைத்து வாகனத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் கைநீட்டவோ தலைவைக்கவோ கூடாது. சிலர் சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பார்கள். நான் சீமெந்துக் கல் விற்பவன், எனவே சொல்கிறேன்: சுவர் கட்ட அது நல்லது, வாகனம் தாங்க அல்ல. எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். அன்றைக்குச் சிறுபிள்ளைகளை முற்றத்துக்கு விட வேண்டாம்.

சில்லைக் கழற்றி, ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பிரித்து, போல் ஜொயின்ட்டைப் பிரிக்க வேண்டும். அதற்கென்று புல்லர் இருக்கிறது. சுத்தியலால் மரையில் அடித்தால் மரை போகும், இறப்பர் மூடி கிழியும். பிறகு ஆர்மின் உள் முனை போல்ட்டுகள். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துருவிளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். சில வாகனங்களில் இந்த போல்ட் வெளியே வரும் வழியில் கியர்பெட்டி முட்டும். எஞ்சினைத் தாங்கிக்கொண்டு குறுக்குச் சட்டத்தை இறக்கினால்தான் முடியும். உங்கள் வாகனம் அந்த வகை என்றால் வீட்டில் கைவைக்கவே வேண்டாம், கராஜுக்கு விட்டுவிடுங்கள்.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதற்கு முன்னர், அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சில புஷ்களில் இறப்பரின் நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அது குறைபாடல்ல, எந்தத் திசையில் எவ்வளவு வளைய வேண்டும் என்ற கணக்கு. திசை மாறினால் சாமான் நல்லதாக இருந்தும் பயனில்லை.

பூட்டும்போது உள் முனை போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் மட்டும் விட்டு, போல் ஜொயின்ட்டைப் பூட்டி, கொட்டர் பின் இருந்தால் புதியதாகப் போடுங்கள். பிறகு ஸ்டாண்ட் இருக்கும்போதே, ஆர்மின் வெளி முனைக்குக் கீழே இன்னொரு ஜேக்கை வைத்து, நீங்கள் எழுதி வைத்த உயரம் வரும்வரை மெதுவாக உயர்த்துங்கள். இப்போதுதான் உள் முனை போல்ட்டுகளை இறுக்க வேண்டும், அதுவும் கைநூல் சொல்லும் அளவுக்கு, டோர்க் ஸ்பெனரால். சொந்தமாக இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். சில்லைப் பூட்டி இறக்கி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நூறு கிலோமீற்றரளவு ஓடியதும் சில்லு நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகு அலைன்மென்ட். இந்தச் செலவைத் தவிர்த்தால் செய்த வேலை முழுமையாகாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

வீட்டில் செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. புஷ்ஷை ஆர்மிலிருந்து எடுப்பதும் புதியதை ஏற்றுவதும் பிரஸ் இயந்திரத்தின் வேலை. சிலர் வைஸில் வைத்து சுத்தியலால் அடிக்கிறார்கள். சிலர் நெருப்பு வைத்து இறப்பரை எரிக்கிறார்கள். எரியும் இறப்பரின் புகை நெஞ்சுக்குக் கேடு, சூடு ஆர்மின் உறுதிக்குக் கேடு. அடித்து ஏற்றினால் ஆர்மின் காது வளையும் அல்லது இறப்பர் பிரியும். லேத் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அழுத்தம் புஷ்ஷின் வெளி வளையத்தில் விழ வேண்டும், நடுக் குழாயில் அல்ல. ஏறுவதற்குக் கிறீஸ் பூசக் கூடாது, சவர்க்கார நீர் போதும். கூலி பெரிதல்ல. ஆர்மைத் தூக்கிக்கொண்டு லேத் கடைக்குப் போவதில் எந்த வெட்கமும் இல்லை. போயா தினத்தில் மட்டும் போக வேண்டாம்.

இன்னொன்று. ஆர்மைக் கழற்றிய கையோடு போல் ஜொயின்ட்டையும் அசைத்துப் பாருங்கள். அதுவும் தளர்ந்திருந்தால், புஷ்ஷும் போல் ஜொயின்ட்டும் சேர்ந்து வரும் முழு ஆர்மின் விலையைக் கேளுங்கள். பல வாகனங்களுக்குக் கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். ஆனால் ஜப்பானில் கழற்றிய பாவித்த ஆர்ம் மலிவு என்று வாங்குவதானால், அதிலிருக்கும் இறப்பருக்கும் உங்கள் வாகனத்தின் வயது இருக்கலாம் என்பதை யோசித்து வாங்குங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல்

உதிரிப்பாகக் கடை நடத்துவோர் எம்மவர்களில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனக் கம்பனியின் சொந்தச் சாமான், வேறு நல்ல கம்பனியின் சாமான், மலிவுச் சாமான் என்று கடையில் மூன்றும் இருக்கலாம். மூன்றுக்கும் வாங்குபவர் இருக்கிறார். ஆறு மாதத்தில் விற்கப்போகும் வாகனத்துக்கு மலிவானது போதும் என்று ஒருவர் நினைத்தால் அது அவரது கணக்கு. ஆனால் மலிவானதை மலிவானது என்ற பெயரிலேயே விற்க வேண்டும். பெட்டியின் பெயரைக் காட்டி உள்ளே வேறொன்றைக் கொடுத்தால், போவது வாங்கியவரின் காசு மட்டுமல்ல. அதைப் பூட்டிய பாஸின் பெயரும் சேர்ந்து போகிறது. நிறுவையில் குறைப்பதை மட்டும்தான் நாம் மோசடி என்று நினைக்கிறோம். ஐந்து வருடம் உழைக்க வேண்டிய சாமானுக்குப் பதிலாக ஐந்து மாதம் உழைப்பதைக் கொடுப்பதும் நிறுவையில் குறைப்பதுதான்.

வாங்குபவரும் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல சாமானுக்கும் மோசமான சாமானுக்கும் பூட்டுகூலி ஒன்றே. பாதி விலையில் சாமான் வாங்கி இரண்டு தடவை கூலி கொடுத்தவன் நான். பிரஸ் கூலி, அலைன்மென்ட், கடையை விட்டுப்போன நேரம் எல்லாம் இரண்டு தடவை. நாலு கடை ஏறி இறங்கிப் பேசிய பேரத்தின் லாபம் எங்கே போனது?

லாபம் எது?

சரி, வீட்டில் செய்வது லாபமா? கூலியை மட்டும் பார்த்தால், எனது பதில் இல்லை என்பதே. ஜேக் ஸ்டாண்ட், புல்லர், டோர்க் ஸ்பெனர் எல்லாம் வாங்கி ஒருமுறை செய்வதைவிட, நல்ல பாஸிடம் கொடுப்பது மலிவு. அரை நாள் கடை மூடுவதென்றால் நட்டம் இன்னும் பெரிது.

ஆனால் ஒருமுறையாவது செய்து பாருங்கள், அல்லது செய்யும் இடத்தில் நின்று பாருங்கள் என்று சொல்வேன். ஏனென்றால், ஒரு வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனை இலகுவில் ஏமாற்ற முடியாது. அதைவிட முக்கியம், தெரிந்தவன் இன்னொருவரை அநியாயமாகச் சந்தேகிக்கவும் மாட்டான். வாகனத்துக்கு மட்டுமான பேச்சல்ல இது. கணக்கெழுதுபவரிடம், லொறிக்காரரிடம், துறைமுகத்தில் சாமான் எடுத்துத் தருபவரிடம், கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் நாம் நாளாந்தம் கோபப்படுகிறோம். அவர்கள் வேலையில் எது கஷ்டம், எதற்கு நேரம் எடுக்கும், எது யார் பொறுப்பு என்று எமக்குத் தெரியுமா? தெரியாமல் கொட்டும் வார்த்தையால் எத்தனை நல்ல ஆட்களை இழந்திருக்கிறோம்? சாமான் போனால் இன்னொன்று வாங்கலாம். முப்பது வருட அனுபவமுள்ள, பொய் சொல்லாத ஒரு பாஸ் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இப்போதும் அந்தக் கராஜுக்குத்தான் போகிறேன். சாமானை அவரே எடுக்கிறார்; விலையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அவரும் கழற்றிய பழைய சாமானைத் துணியில் சுற்றி, கேளாமலேயே முன் ஆசனத்தில் வைத்துவிடுகிறார். போன மாதம் மகன் தனது மோட்டார் சைக்கிளைத் திருத்த அவரிடம் போனபோது, “வாப்பாட்ட சொல்லுங்க, இறுக்க முன்ன நிலத்தில இறக்கச் சொல்லி” என்று சிரித்தாராம்.

உங்கள் வாகனத்தில் அந்தச் சத்தம் கேட்கிறதா? இந்த வாரமே பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் அமர்ந்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தபடி முன்னும் பின்னும் சற்று அசைக்கட்டும். மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று முன் சில்லைக் கவனிக்கட்டும். மட்காட்டுக்குள் சில்லு முன்னும் பின்னும் நகர்ந்தால், ‘பிறகு பார்ப்போம்’ என்ற சொல்லுக்கு இனி இடமில்லை. வீட்டில் செய்வதா கராஜில் கொடுப்பதா என்பதை உங்கள் கையும் நேரமும் தீர்மானிக்கட்டும். எதுவானாலும் நல்ல சாமானை வாங்குங்கள், வேலை தெரிந்தவரை மதியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.